வலைக்கு அந்தப் பக்கம்

லூகோ, 4 மார்ச் 1985

நேவியோ,

காலியாரி டென்னிஸ் போட்டியில் முதல் சுற்றிலேயே தோற்றாயாமே. ஆறு-இரண்டு, ஆறு-ஒன்று. பேப்பரில் சைக்கிள் பந்தய முடிவுகளுக்குக் கீழே எறும்பு அளவு எழுத்தில் போட்டிருந்தார்கள். பல் டாக்டர் மொந்தீனி சீட்டுக்கட்டைக் கீழே வைத்துவிட்டு, கிளப் பாரில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி வாசித்தார். "ஏன்டா லெயார்க்கோ, உன் கூட்டாளி ஆடப் போனானா, பந்து பொறுக்கப் போனானா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன், பொய் எதற்கு?

செப்டம்பருக்குப் பிறகு உனக்கு நான் எழுதுகிற முதல் கடிதம் இது. எட்டு வயதிலிருந்து இரட்டையர் ஆட்டத்தில் உன் இடது பக்கம் நின்றவன் நான். தோற்ற செய்தி கேட்டதும் எழுதத் தோன்றியது. ஜெயித்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

நான் காலையில் அப்பாவோடு சேர்ந்து கோர்ட்டுக்குத் தண்ணீர் விடுகிறேன், உருளை இழுக்கிறேன், கோடுகளைத் துடைக்கிறேன். மூன்றாம் எண் கோர்ட்டில் அந்த இடது மூலைக்கு வரும்போதெல்லாம் கை தானாக நின்றுவிடுகிறது. உனக்கும் ஞாபகம் இருக்கும். மாகாண இறுதி ஆட்டம். ஜெயிப்பவனுக்குச் சங்கத்தின் பயிற்சிக் குழுவில் ஒரே ஒரு இடம். நடுவர் வரவில்லை, அவரவர் பக்கத்துப் பந்தை அவரவரே சொல்ல வேண்டும். உனக்கு மேட்ச் பாயிண்ட். நான் அடித்த பந்து கோட்டைக் கடித்துக்கொண்டு விழுந்தது. நீ "அவுட்" என்றாய். கோட்டுக்கு வெளியே ஒரு சாண் தள்ளிக் மண்ணில் கிடந்த ஏதோ பழைய பந்துத் தடத்தைச் சுற்றி மட்டையால் வட்டம் போட்டாய். கோட்டின் மேல் புத்தம் புதுத் தடம் பளிச்சென்று கிடந்ததை வலைக்கு இந்தப் பக்கம் நின்று நான் பார்த்தேன்.

வலையைத் தாண்டி வந்து பார்த்திருக்கலாம். ஆனால் நம் ஊரில் வலையைத் தாண்டுகிறவன் எதிராளியை முகத்துக்கு நேரே திருடன் என்கிறான். உன்னை அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மட்டையை எறிந்துவிட்டுப் போனேன். கோர்ட்டைக் கூட்டக்கூட நிற்கவில்லை, அதையும் அப்பாதான் செய்தார்.

கட்டாய ராணுவச் சேவைக்கும் நான் லாயக்கில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இடது கண்ணில் பார்வை குறைவாம். அந்த டாக்டர் வாழ்க. நீ அணிவகுப்பில் கால் வீசும்போது நான் இங்கே பியாதினா ரொட்டி தின்றுகொண்டிருப்பேன்.

லெயார்க்கோ


காலியாரி, 13 மார்ச் 1985

லெயார்க்கோ,

உன் கடிதம் கிடைத்தது. ஆறு மாதம் ஊற வைத்த விஷம் நன்றாகவே ஊறியிருக்கிறது.

பந்து அவுட். அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன்.

இங்கே என் நிலைமை கேள். ஒரு அறையில் ஐந்து பேர். ஜன்னல் கம்பியில் காலுறை காய்கிறது, ஈரம் போவதற்குள் மறுபடி மாட்டிக்கொள்கிறோம். தகுதிச் சுற்றில் மூன்று ஆட்டம் ஜெயித்தால்தான் முதல் சுற்றே. அங்கே ஒரு ஸ்வீடன்காரன் என்னைத் துவைத்துப் பிழிந்தான். வலது உள்ளங்கையில் கொப்புளத்தின் மேல் கொப்புளம்.

அதுவெல்லாம் பெரிதில்லை. பயிற்சியாளர் பிரந்தோலி நேற்று என்னைக் கூப்பிட்டார். உட்காரக்கூடச் சொல்லவில்லை. "ஜூனுக்குள்ள ஒரு கோப்பை கொண்டா. ஒத்தையோ, இரட்டையரோ, எனக்கு அதப் பத்திக் கவலையில்ல. இல்லைன்னா உன் இடத்த வேற ஒருத்தனுக்குக் கொடுத்துடுவேன்" என்றார். குழுவில் இருந்தால் ராணுவ வருஷத்தை விளையாட்டுப் பிரிவில் கழிக்கலாம், தினமும் ஆடலாம். குழுவை விட்டுப் போனால் ஜூலையில் அழைப்பு அட்டை வந்துவிடும். ஒரு வருஷம் மட்டையைத் தொட முடியாது. இருபது வயதில் ஒரு வருஷம் விட்டவன் திரும்பி வந்து ஜெயித்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

ஒற்றையர் கோப்பை எனக்கு இப்போது எட்டாது. இரட்டையர் எட்டும். மே மாதம் நம் பக்கத்திலேயே நாலு போட்டி வருகிறது, கடைசியாக ஃபாயென்சாவில். என்னோடு ஆடு. நான் பந்தை எங்கே போடுவேன் என்று என்னை விட உனக்குத்தான் முதலில் தெரியும். வேறு எவனோடு ஆடினாலும் நடுவில் விழுகிற பந்துக்கு இரண்டு பேரும் ஓடுகிறோம், இல்லாவிட்டால் இரண்டு பேரும் நிற்கிறோம்.

கெஞ்சுகிறேன் என்றே வைத்துக்கொள்.

நேவியோ


லூகோ, 20 மார்ச் 1985

நேவியோ,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது, இரண்டாவது தடவை சிரிப்பு வந்தது. மூன்றாவது தடவை அந்தக் கடைசி வரியை மட்டும் படித்தேன். அது எவ்வளவு இனித்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

வருகிறேன். தயாராகத்தான் இருக்கிறேன். கிளப்புக்கு வருகிற வக்கீல்களோடும் அவர்கள் மனைவிகளோடும் தினமும் ஆடுகிறேன். அவர்களுக்குப் பந்து நோகாமல் வர வேண்டும், எனக்குக் கை துருப்பிடிக்காமல் இருக்க வேண்டும்.

ஆனால் ஒரு நிபந்தனை. "செப்டம்பரில் பந்து உள்ளேதான் விழுந்தது, வேண்டுமென்றே தப்பான தடத்தைக் காட்டினேன்" என்று உன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு. பத்திரமாக வைத்துக்கொள்வேன். யாருக்கும் காட்ட மாட்டேன்.

இல்லாவிட்டால் அந்த ஸ்வீடன்காரனைக் கேட்டுப் பார். அவனாவது உன் இடது பக்கம் நிற்கட்டும்.

லெயார்க்கோ


பலெர்மோ, 1 ஏப்ரல் 1985

லெயார்க்கோ,

பத்து நாள் யோசித்தேன். இங்கேயும் தகுதிச் சுற்றிலேயே போய்விட்டேன். பிரந்தோலி என் ஆட்டத்தைப் பார்க்க வரவே இல்லை. இதுவரை எல்லாவற்றுக்கும் வந்தார்.

நீ கேட்டது இதோ.

செப்டம்பர் 16 அன்று மூன்றாம் எண் கோர்ட்டில் மேட்ச் பாயிண்டில் லெயார்க்கோ அடித்த பந்து உள்ளேதான் விழுந்தது. நான் தெரிந்தே தப்பான தடத்தைச் சுற்றி வட்டம் போட்டேன். இப்படிக்கு, நேவியோ சவோர்னானி.

போதுமா? மே 6, மோதெனா. அதற்கு முந்தின சனிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் நேரில் வந்து பெயர் பதிய வேண்டும், ஒரு நிமிஷம் தாமதித்தாலும் சேர்க்க மாட்டார்கள். இரண்டு மட்டைக்கு நரம்பை இறுக்கமாகக் கட்டிக் கொண்டுவா. மே மாதத்தில் மண் ஈரமாக இருக்கும்.

நே.


லூகோ, 9 ஏப்ரல் 1985

கிடைத்தது. வருகிறேன்.

லெ.


ரோம், 3 ஜூன் 1985

டேய்,

என் பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டார்கள். பிரந்தோலி கையைக்கூடக் குலுக்கவில்லை. நீ எப்படித் தூங்குகிறாய் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான்கு வாரம். மோதெனாவில் அரையிறுதி, பார்மாவில் கால் இறுதி, ரெஜ்ஜோவில் அரையிறுதி. ஒவ்வொரு வாரமும் நாம் இரண்டு பேரும் பழையபடி ஆகிக்கொண்டே வந்தோம். நான் சர்வ் போடுவதற்கு முன்னால் நீ முதுகுக்குப் பின்னால் விரலைக் காட்டுவாய், பதினோரு வயதில் வைத்துக்கொண்ட அதே சைகை. ரெஜ்ஜோவில் மழைக்கு ஒதுங்கி நின்றபோது ஒரே ரொட்டியைப் பிய்த்துத் தின்றோம். நீ என் அம்மாவைப் பற்றிக் கேட்டாய். நான் மடையன், எல்லாம் தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன்.

ஃபாயென்சா இறுதி ஆட்டம். எதிரே அந்த இரண்டு அர்ஜென்டீனாக்காரர்கள். மூன்றாவது செட், டை-பிரேக், ஆறு-ஐந்து. நமக்கு மேட்ச் பாயிண்ட். அவர்களில் ஒருவன் தூக்கி அடித்த பந்து உன் காலடியில் விழுந்தது, கோட்டுக்கு வெளியே மூன்று விரல். நடுவர் "அவுட்" என்றார். நான் மட்டையை மேலே எறிந்தேன். என் அம்மா எழுந்து நின்று அழுதாள், நான் பார்த்தேன்.

அப்போதுதான் அவன் தடத்தைப் பார்க்கச் சொன்னான். நடுவர் நாற்காலியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர் வருவதற்குள் நீ ஷூக் காலால் அந்தத் தடத்தைத் தேய்த்து அழித்தாய். கையைத் தூக்கி, "பந்து நல்ல பந்துங்க, உள்ளதான் விழுந்துச்சு" என்றாய். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. ஒருத்தன் தன் பக்கத்துத் தடத்தைத் தானே அழித்துவிட்டால் அதற்கு மேல் நடுவராலும் ஒன்றும் செய்ய முடியாது, அது உனக்கு நன்றாகத் தெரியும்.

அடுத்த இரண்டு பந்தையும் நான் வலையில் அடித்தேன், தோற்றோம். எட்டு-ஆறு.

நான் இரண்டு அடி தூரத்தில் நின்றேன். மூன்று விரல் வெளியே. பந்து அவுட் என்று உனக்குத் தெரியும்.

தெரியும் என்று ஒரு வார்த்தை எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

நேவியோ


லூகோ, 9 ஜூன் 1985

அன்புள்ள நேவியோ,

தெரியும்.

ஒரு வார்த்தை போதும் என்றாய், ஆனால் எனக்குப் போதவில்லை. மூன்று விரல் இல்லை, நாலு விரல். மண்ணில் அவ்வளவு அழகான தடத்தை நான் பார்த்ததே இல்லை, முட்டையைப் பாதியாக வெட்டி வைத்த மாதிரி இருந்தது. அழிக்க மனமே வரவில்லை என்றால் நம்புவாயா?

முதலிலேயே திட்டம் போட்டேனா என்று கேட்பாய். இல்லை. மோதெனாவில் ஜெயிக்கத்தான் ஆடினேன். ரெஜ்ஜோவில் அந்த ரொட்டியைத் தின்றபோதும் ஜெயிக்கத்தான் நினைத்தேன். ஃபாயென்சாவில் நீ மட்டையை எறிந்தாய் பார், செப்டம்பரில் ஜெயித்ததும் மேலே எறிந்த மாதிரியே எறிந்தாய். முகமும் அதே முகம். என் கால் அதுவாகப் போய்விட்டது.

இப்போது இங்கே என்ன நடக்கிறது என்று கேள். சங்கம் எனக்கு நேர்மைக்கான கோப்பை கொடுத்திருக்கிறது. பாரில் காபி மெஷினுக்கு மேலே வைத்திருக்கிறார்கள். மொந்தீனி வருகிறவன் போகிறவனை எல்லாம் இழுத்துப் பிடித்துக் காட்டுகிறார். "மேட்ச் பாயிண்டுல தன் பந்தத் தானே விட்டுக் கொடுத்தாண்டா! எங்க பையன்!" என்கிறார். பள்ளிக்கூடத்தில் பேசக் கூப்பிட்டார்கள். போனேன்.

உன் கடிதத்தை யாருக்கும் காட்ட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். அது கிளப் பலகையில், ஆட்ட அட்டவணைக்குப் பக்கத்தில், நாலு குண்டூசி குத்தித் தொங்குகிறது. நீ ஒரு தடத்தில் பொய் சொன்னாய், நான் ஒரு வாக்கில் பொய் சொன்னேன், கணக்குத் தீர்ந்தது.

ராணுவச் சாப்பாடு பிடிக்குமா உனக்கு?

லெயார்க்கோ


ஊதினே, 22 ஜூலை 1985

லெயார்க்கோ,

தலையை மழித்துவிட்டார்கள். மட்டைகளைக் கிடங்கில் வாங்கி வைத்துக்கொண்டு ரசீது கொடுத்தார்கள். காலையில் உருளைக்கிழங்கு, மதியம் துப்பாக்கி, மாலையில் மறுபடி உருளைக்கிழங்கு. கொப்புளம் இருந்த இடத்தில் இப்போது வேறு மாதிரிக் காய்ப்பு வந்திருக்கிறது. மட்டைக் கைப்பிடி இனி இந்தக் கையில் சரியாக உட்காராது. அதைப் பற்றி நினைப்பதை நிறுத்திவிட்டேன்.

உனக்கு ஒரு விஷயம் சொல்லத்தான் எழுதுகிறேன். உன்னைத் திட்ட வேண்டும் என்றால் ஊதினேயிலிருந்து தபால்தலை ஒட்ட வேண்டியதில்லை, இங்கேயே போதுமானவர்கள் இருக்கிறார்கள்.

பலெர்மோவிலிருந்து நான் எழுதிக் கொடுத்தது பொய். நீ கேட்டாய், எனக்கு நீ வேண்டும், எழுதினேன். பந்து அவுட்.

கோட்டின் மேல் ஒரு புதுத் தடம் பார்த்தேன் என்கிறாய் அல்லவா? பார்த்திருப்பாய். அது அங்கே இருந்தது. அதற்கு இரண்டு பாயிண்ட் முன்னால் நீயே அதே மூலையில் ஒரு பந்து போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? நான் தொடக்கூட இல்லை. நல்ல பந்து என்று நானே கையைத் தூக்கினேன், கூட்டம் கைதட்டியது, நீ மட்டை நுனியை முத்தமிட்டாய். அந்தத் தடம்தான் அது. கடைசிப் பந்தின் தடம் அதற்கு ஒரு சாண் தள்ளி வெளியே, நான் வட்டம் போட்ட இடத்தில்.

இருபத்துநாலு மீட்டர் தூரத்திலிருந்து நீ பார்த்தாய். எந்தக் கண்ணால் பார்த்தாய்? ராணுவமே வேண்டாம் என்று தள்ளிய கண்ணால். கண்ணுக்கு முன்னால் நிற்கிற வண்டி தெரிந்தாலே போதும் என்று இங்கே ஆள் எடுக்கிறார்கள், அதற்குக்கூட உன்னை எடுக்கவில்லை. அந்தக் கண்ணை நம்பி என் வாழ்க்கையைக் காலால் தேய்த்தாய்.

வலையைத் தாண்டி வந்து பார்த்திருந்தால் முப்பது அடி எடுத்து வைத்திருப்பாய். நான் கோபித்துக்கொண்டிருப்பேன். ஒரு வாரம் பேசாமல் இருந்திருப்பேன். அவ்வளவுதான்டா.

நம்பாவிட்டால் உன் அப்பாவைக் கேள். அன்றைக்குக் கோர்ட்டைக் கூட்டியது அவர்தானே.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினாலும் படிக்க மாட்டேன்.

நேவியோ


லூகோ, 4 ஆகஸ்ட் 1985

நேவியோ,

படிக்க மாட்டாய் என்று தெரிந்தும் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். சொன்னால் நம்பக்கூடிய ஆள் இந்த உலகத்தில் நீ ஒருத்தன்தான்.

உன் கடிதம் வந்து ஒரு வாரம் அப்பாவிடம் கேட்கவில்லை. பயம், வேறென்ன. போன வியாழக்கிழமை மூன்றாம் எண் கோர்ட்டில் வலையின் இந்த முனையை நானும் அந்த முனையை அவரும் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தபோது கேட்டேன்.

"அப்பா, செப்டம்பர்ல கடைசிப் பந்து... அந்தத் தடத்த நீங்க பாத்தீங்களா?"

"பாத்தேன்."

"எங்க இருந்துச்சு?"

"வெளிய. ஒரு சாண் வெளிய. நேவியோ வட்டம் போட்டிருந்தானே, அதேதான். கோட்டு மேல இருந்தது நீ முன்னால அடிச்சது. ரெண்டையும் நான்தானே கூட்டினேன்."

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

அவர் வலையைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை. "நீ கேக்கலியே" என்றார். பிறகு, "தோத்துட்டேன்னு நெனச்சா நீ ஒடிஞ்சு போயிருப்ப. ஏமாத்திட்டான்னு நெனச்சாலாவது திட்டிக்கிட்டே சாப்பிடுவ, தூங்குவன்னு விட்டுட்டேன். இது இவ்வளவு தூரம் போகும்னு நான் என்னத்தக் கண்டேன்" என்றார்.

நான் கோர்ட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ வட்டம் போட்ட இடத்தைத் தேடினேன். பத்து மாதத்தில் எத்தனை தடவை நானே கூட்டியிருக்கிறேன், அங்கே என்ன இருக்கும்?

நேராகப் பாருக்குப் போனேன். உன் கடிதத்தைப் பலகையிலிருந்து பிடுங்கினேன். சீட்டாட்ட மேசை முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நேவியோ செப்டம்பரில் பொய் சொல்லவில்லை, நான் கேட்டதால்தான் அப்படி எழுதிக் கொடுத்தான், ஃபாயென்சாவில் பந்து அவுட், தெரிந்தேதான் அழித்தேன் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

பிறகு மொந்தீனி எழுந்து வந்து என் தோளில் கை போட்டார். கிழவனுக்குக் கண் கலங்கியிருந்தது. "பாத்தீங்களாடா இவன் மனச! அங்க பட்டாளத்துல கெடந்து கஷ்டப்படறானேன்னு அவன் பழிய இவன் தலையில தூக்கி வச்சுக்கிறான்!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஃபாயென்சாவில் கேட்ட அதே கைதட்டல். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, பழைய நாலு ஓட்டையிலேயே மறுபடி குத்தி வைத்தார்கள்.

கத்தினேன். "ஐயா, நான் பொய்யன்!" என்றேன். "உக்காருடா, ஒரு கிளாஸ் குடி" என்றார்கள். அப்பா சொன்னால் நம்புவார்கள் என்று அவரை இழுத்து வந்து சொல்ல வைத்தேன். "அப்பன் யாதெரும் மகனுக்குத் தப்பாம பொறந்திருக்கான் பாரு" என்று அவருக்கும் ஒரு கிளாஸ் ஊற்றினார்கள்.

நேற்று காலை உன் அம்மா வந்தாள். பீச் பழம் வைத்துச் சுட்ட பெரிய கேக், சூடு ஆறாமல், துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாள். இரண்டு மாதமாக அவள் ரொட்டிக் கடைக்கு வருவதில்லை என்று கேள்விப்பட்டிருந்தேன். அடுத்த ஊர்வரை சைக்கிளில் போய் வாங்குகிறாளாம். கிளப் வாசலில், உருளையோடு நின்றுகொண்டிருந்த என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"என் மகன் உனக்குச் செஞ்ச துரோகத்துக்கு நான் மன்னிப்புக் கேக்க வந்தேன்" என்றாள்.

"அம்மா, அவன் ஒண்ணும் செய்யல. செஞ்சது நான்" என்றேன். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன். கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள். பிறகு என் கன்னத்தைத் தடவிக் கொடுத்தாள்.

"நீ நல்லவன்டா கண்ணு. அவனக் காப்பாத்தப் பாக்குற. ஆனா அவனே கைப்பட எழுதியிருக்கானே, நான் பெத்தவ, அவன் எழுத்து எனக்குத் தெரியாதா? நான் அவனுக்கு எழுதிட்டேன், லெயார்க்கோகிட்ட மன்னிப்புக் கேக்காம இந்த வீட்டு வாசப்படிய மிதிக்காதன்னு" என்றாள்.

அவள் முன்னாலேயே ஒரு துண்டு தின்னச் சொன்னாள். தின்றேன், நேவியோ. அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். இன்னொரு துண்டு வெட்டி வைத்தாள். அதையும் தின்றேன்.

லெயார்க்கோ